ஆளுநர் விட்டுச்சென்ற தோட்டம்

1636இல் நெதர்லாந்தில் பிறந்த ஹென்ட்ரிக் வான் ரீட், 1670களில் கொச்சியிலிருந்து டச்சு மலபாரை ஆண்டவர். மிளகு வாணிகத்திற்காக வாளேந்தி வந்த கும்பினியின் அலுவலர் அவர். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலே. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல், 700க்கும் மேற்பட்ட மரஞ்செடிகொடிகளைப் படங்களுடன் விளக்கியது.

அந்நூலில் உள்ள மருத்துவ அறிவு ஆளுநருடையதன்று; ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் வழங்கியது. அதனை அவர் மறைத்தாரல்லர். 1675இல் அவர்கள் எழுதித் தந்த சான்றுரைகளை முதல் தொகுதியிலேயே பதிப்பித்தார்; தாவரங்களை மலையாளப் பெயர்களாலேயே சுட்டினார். 1753இல் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயசும் இந்நூலைத் துணைக்கொண்டார்.

ஆயினும் இலத்தீனில் அமைந்த நூல், பெயர் ஈந்த மண்ணுக்கு எட்டவில்லை. தாவரவியலாளர் கே. எஸ். மணிலாலின் உழைப்பால் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் வெளிவந்தது. தன் மொழிக்குத் திரும்ப அதற்கு 330 ஆண்டுகள் ஆயின.

1691இல் கடற்பயணத்தில் உயிர்நீத்த வான் ரீட், சூரத்தில் அடக்கமானார். 1795இல் கொச்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அறிவு தந்தோரின் பெயரை அழியாது காத்த அச்சுப் பக்கங்களே அவருக்கு எஞ்சிய ஆட்சி எனலாம்.