கருவிழி விளிம்பும் குருத்தணு சிகிச்சையும்

கருவிழி, வெள்ளை விழியோடு சேருமிடத்தில் மெல்லிய வளையம் ஒன்று உண்டு. இதற்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேற்படலம் ஓயாமல் தேய்ந்து உதிர்கிறது. அதை ஈடுசெய்யும் செல்கள் இவ்வளையத்திலுள்ள குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்) பிறக்கின்றன. அமிலமோ சுண்ணாம்போ பட்டு வளையம் அழிந்தால், வெள்ளை விழியின் படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும் குழந்தைகளுக்கு இவ்விபத்து நம் நாட்டில் இன்றும் நேர்கிறது. உடனே நிறையத் தண்ணீரால் கண்ணை நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாலோ எண்ணெயோ ஊற்றக் கூடாது. வகுப்பில் கண் பாடம் வரும்போதெல்லாம் நான் இதைத் தவறாமல் சொல்வதுண்டு.

1905-இல் எட்வர்ட் சிர்ம் செய்த, உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று அறுவையும் சுண்ணாம்பால் கண் கெட்ட ஒரு தொழிலாளிக்குத்தான். அவருக்கு ஒரு கண்ணில் பலித்தது. ஆனால் இத்தகைய நோயாளிகள் பலருக்கும் புதிய கருவிழி விரைவில் மங்கிப் போயிற்று. காரணம் வெகுகாலம் விளங்கவில்லை. வயலை மாற்றினார்கள், நாற்றங்கால் அழிந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம்.

புதுப்பிக்கும் செல்கள் விளிம்பில் இருப்பதாக 1971-இல் டாவாங்கர், எவன்சன் இருவரும் கருதினர். 1986-இல் சுன் குழுவினர் அதற்கு வலுவான சான்று தந்தனர். 1989-இல் கென்யனும் செங்கும் நல்ல கண்ணிலிருந்து விளிம்புத் துண்டுகளை எடுத்துக் கெட்ட கண்ணில் பதித்தனர். பெரிய துண்டு எடுத்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து வரலாம். 1997-இல் இத்தாலியின் பெலெக்ரினி குழு சிறு துணுக்கை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, இருவருக்குப் பொருத்தி வழிகாட்டியது.

சென்னைக்குக் கண் மருத்துவம் புதிதல்ல. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. அமெரிக்காவிலிருந்து திரும்பி, அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அங்கு டாக்டர் எச்.என்.மாதவன் குழுவினர் விளிம்புச் செல்களை மெபியோல் ஜெல் என்ற பொருளில் வளர்த்தனர். குளிரில் திரவமாகவும் உடல் சூட்டில் கூழாகவும் இருக்கும் செயற்கைப் பொருள் அது. பனிக்குடச் சவ்வு போன்ற உயிர்ப்பொருள் இல்லாமலே செல் வளரும் என்பதே இதன் சிறப்பு. முயல்களில் பொருத்திய முடிவுகள் 2009-இல் வெளியாயின. முயல்களில்தான், மனிதரில் அல்ல. செய்தி படிக்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

செல் வளர்க்கும் ஆய்வகத்துக்குச் செலவு மிகுதி. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் நிறுவனத்தின் வீரேந்தர் சங்வான் குழு 2012-இல் எளிய வழி ஒன்றை வெளியிட்டது. நல்ல கண்ணிலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. துணுக்கு எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக்கி, நோயாளியின் கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் பசையால் ஒட்டிவிடுவார்கள். ஆய்வகமே வேண்டாம், கண்ணே நாற்றங்கால். ஐரோப்பா தன் முதல் குருத்தணு மருந்தான ஹோலோக்ளாருக்கு 2015-இல்தான் அனுமதி தந்தது.

இரு கண்களும் கெட்டவர்களுக்கு இவ்வழி உதவாது. உறவினரின் விளிம்புத் திசுவைப் பொருத்தினால், உடல் அதை ஏற்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்ண வேண்டும். கண் முற்றிலும் வறண்டுபோனவர்களுக்கு, அவர்களின் பல்லையே செதுக்கி அதில் லென்சைப் பொருத்திக் கண்ணில் வைக்கும் அறுவை சங்கர நேத்ராலயாவில் செய்யப்படுகிறது.