பனிவெளியும் சறுக்குப் பலகையும்: பயண அறிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு கருவியை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வாறு பேணுவது, எந்நிலையில் அதனை நம்பலாம், எந்நிலையில் நம்பலாகாது என்னும் நடைமுறை அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. கைப்பழக்கமாகத் தலைமுறைதோறும் கடத்தப்படுவது. அவ்வறிவுடையோரிடம் கேட்டறிய முன்வந்தோரும் வராதோரும் அடைந்த பயன்கள் வரலாற்றிலே வேறுபட்டே இருந்துள்ளன. வட ஐரோப்பாவின் பனிவெளிகளைக் கடக்கப் பயன்பட்ட ‘ஸ்கீ’ என்னும் சறுக்குப் பலகையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மலைச்சரிவில் விரைந்திறங்கும் விளையாட்டு இங்குக் கருதப்படவில்லை. மேடும் பள்ளமும் சமவெளியும் கலந்த நெடுந்தொலைவைத் தன் கால்வலிமையாலேயே ஒருவன் கடக்கும் பயணமே இங்கு ஆராயப்படுகின்றது.

‘ஸ்கீ’ என்ற சொல் பழைய நோர்ஸ் மொழியிலே பிளந்த மரத்துண்டைக் குறித்தது. கருவியின் எளிமையை அதன் பெயரே உணர்த்துகின்றது. அதன் தொன்மையோ வியப்புக்குரியது. வட சுவீடனில் கால்வ்திரெஸ்க் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பலகைகள் ஏறத்தாழ 5,200 ஆண்டுகள் பழைமை வாய்ந்தவை. அவற்றோடு கிடைத்த கோலின் ஒரு முனை மண்வாரி போன்று அகன்றிருந்தது. ஊன்றிச் செல்லவும் பனியை அகழவும் ஒரே கோல் உதவியிருத்தல் கூடும். பயணத்திற் சுமக்கும் ஒவ்வொரு பொருளும் இரு தொழில்களுக்கேனும் பயன்படவேண்டும் என்று இன்றைய பயண வழிகாட்டிகள் கூறும் அறிவுரையின் வேர் இத்தகைய தொன்மையில் இருப்பதை அவதானிக்கலாம்.

இக்கருவி தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்றுதான். பலகை முன்னோக்கி வழுக்க வேண்டும். கால் உந்தும்போது பின்னோக்கி வழுக்கலாகாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் முன்னோர் ஒரு வழியால் நிறைவு செய்தனர். ஒரு காலுக்கு நீண்ட வழவழப்பான பலகையையும் மறுகாலுக்கு அடியில் விலங்குத் தோல் பொருத்திய குறும்பலகையையும் அணிந்தனர். தோலின் மயிர் பின்னோக்கிப் படிந்திருக்குமாதலால் முன்செல்லும்போது வழுக்கும். பின்னோக்கித் தள்ளப்படும்போது சிலிர்த்துப் பனியைப் பற்றும். 18ஆம் நூற்றாண்டின் நோர்வே நாட்டுப் பனிச்சறுக்குப் படையினரும் இத்தகைய ஏற்றத்தாழ்வான இணையையே பயன்படுத்தினர்.

இரு பலகைகளும் ஒரே நீளத்தனவாக மாறியபோது வில்வளைவு முதன்மை பெற்றது. தரையில் வைக்கப்பட்ட பலகையின் நடுப்பகுதி சற்றே மேலெழுந்து நிற்கும். இரு கால்களிலும் எடை பகிரப்படும்போது நடுப்பகுதி பனியை அழுத்தாது, முனைகளே வழுக்கும். முழு எடையும் ஒரு காலில் ஊன்றப்படும்போது வளைவு தட்டையாகி, நடுவிற் பூசிய மெழுகு பனியைப் பற்றும். ஆகவே ஒருவரின் எடைக்கு மிஞ்சிய விறைப்புள்ள பலகை மேட்டிலே பின்வழுக்கும். விறைப்புக் குறைந்த பலகை சமவெளியிலே ஓடாது இழுபடும். பலகையை உயரத்தால் மட்டுமன்றி உடலெடையாலும் தெரிவு செய்க என இன்றும் கூறப்படுவதன் காரணம் இதுவே.

பலகையைக் காலோடு பிணைக்கும் கட்டும் அதேயளவு இன்றியமையாதது. நீண்ட காலமாக விரல்களின்மேற் செல்லும் ஒரு வார் மட்டுமே இருந்தது. நோர்வேயின் தெலமார்க் பகுதியிலே மொர்கெடால் என்னும் சிற்றூரிற் பிறந்த சொன்ட்ரே நூர்ஹைம் (1825 – 1897) என்ற ஏழைக் குத்தகைக் குடியானவர், முறுக்கிய இளங்கொம்புகளைக் குதியைச் சுற்றி இறுக்கும் கட்டினைப் பிரபலப்படுத்தினார். முன்பாதம் உறுதியாகவும் குதி உயரக் கூடியதாகவும் அமைந்த அக்கட்டுடன், இடை குறுகிய பலகையையும் அவர் பயன்படுத்தினார். அக்காலத்திற் கிறிஸ்தியானியா எனப்பட்ட தலைநகரில் 1868ஆம் ஆண்டு அவர் காட்டிய திறமை நகரத்தாரை வியப்பில் ஆழ்த்தியது. கல்விக்கூடம் எதுவும் இத்திருத்தத்தைத் தரவில்லை. நாளாந்தம் பனியில் நடந்தவரின் தேவையே தந்தது.

எனினும் பனிவெளி மக்களின் அறிவை அறிவுலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1883ஆம் ஆண்டு சுவீடிய ஆய்வாளர் நூர்டென்ஷோல்ட் கிறீன்லாந்தின் உட்பகுதியை ஆராயச் சென்றபோது, ஐரோப்பிய நூல்கள் ‘லாப்பியர்’ என இழித்துரைத்த சாமி இனத்தவர் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். மேற்கொண்டு செல்ல இயலாது குழு நின்றபோது அவ்விருவரும் பலகைகளில் முன்னேறிச் சென்று திரும்பினர். 57 மணித்தியாலத்தில் 460 கிலோமீற்றர் சென்று மீண்டதாக அவர்கள் கூறியதைப் பலர் நம்பவில்லை. ஐயத்தைப் போக்க 1884 ஏப்பிரலில் யொக்மொக் என்ற ஊரில் 220 கிலோமீற்றர் ஓட்டப்போட்டி ஒன்றை நூர்டென்ஷோல்ட் ஒழுங்கு செய்தார். அவ்விருவருள் ஒருவரான பாவா லார்ஸ் டூர்டா 21 மணி 22 நிமிடத்தில் அதனை ஓடி முடித்து முதலிடம் பெற்றார். கிறீன்லாந்திற் சென்ற தூரம் துல்லியமாக அளக்கப்பட்டதன்று; ஆயின் அத்தகைய வேகம் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

சாமியரின் இவ்வனுபவத்தைச் செய்தித்தாளில் அறிந்த நோர்வே இளைஞர் பிரிட்ஜொவ் நான்சன், பலகைகளின் துணையால் கிறீன்லாந்து முழுவதையும் குறுக்கே கடக்கலாம் எனக் கருதினார். 1888ஆம் ஆண்டு அறுவர் கொண்ட குழுவோடு அவர் புறப்பட்டார். சாமுவேல் பால்ட்டோ, ஓலே ராவ்னா என்ற சாமியர் இருவரும் அக்குழுவில் இருந்தனர். மக்கள் குடியேற்றம் இருந்த மேற்குக் கரையை நோக்கி, ஆளற்ற கீழ்க்கரையிலிருந்து அவர்கள் நடந்தனர். ஓகஸ்ட் நடுப்பகுதியில் உட்பகுதியை நோக்கி ஏறத் தொடங்கிய நான்சன் ஒக்டோபர் 3ஆம் திகதி இன்று நூக் எனப்படும் கொட்ஹோப்பை அடைந்தார்.

அப்பயணத்தின் வெற்றியைப் போன்றே அதன் குறைகளும் பாடமாயின. கொண்டுசென்ற உலரிறைச்சியிற் கொழுப்பு போதாமையால், வயிறு நிறைய உண்டும் அவர்கள் கொழுப்புக்கு ஏங்கினர். எங்கும் பனி சூழ்ந்திருந்தும் அதை உருக்குவதற்கு எரிபொருள் அருமையானதால் தாகத்தால் வருந்தினர். கடுங்குளிரில் உடலுழைப்புக்குக் கொழுப்பு இன்றியமையாதது என்பதும், எரிபொருளே குடிநீர் என்பதும் இவ்வாறு பட்டறியப்பட்டன. வெப்பத்தைச் சிக்கனப்படுத்தும் நான்சன் அடுப்பும், அகன்ற சறுக்கடி கொண்ட இலகுவான நான்சன் சறுக்குவண்டியும் பிற்காலத் துருவப் பயணங்களுக்கு முன்மாதிரிகளாயின.

நான்சனின் அறிவுரை பின்னர் இரு வேறு குழுக்களுக்குக் கிடைத்தது. ஒன்று ருவால் அமுன்சனின் நோர்வேக் குழு. மற்றையது ரொபேட் ஸ்கொட்டின் பிரித்தானியக் குழு. இரண்டும் தென்துருவத்தையே நோக்கின.

அமுன்சன் 1903 முதல் 1906 வரை வடமேற்குக் கடல்வழியைக் கடந்த காலத்தில் நெட்சிலிக் இன்னுயிட் மக்களிடையே தங்கி அவர்களது உடையமைப்பைக் கற்றார். தோலாடை உடலை இறுக்காது தளர்ந்திருத்தல் வேண்டும். வியர்வை உள்ளே தங்கலாகாது. நனைந்த உடை குளிரில் உறைந்து உடல்வெப்பத்தைப் பறிக்கும் என்பதால், வியர்க்குமளவுக்கு விரையாதிருப்பதே அங்குப் பயணத்தின் முதல் விதியாகும். மொர்கெடாலிற் பிறந்த ஓலாவ் பியாலண்ட் அவரது குழுவில் இடம்பெற்றார். பனிச்சறுக்கு வீரரும் தச்சருமான பியாலண்ட், அந்தாட்டிக்காவின் நீண்ட இரவிலே சறுக்குவண்டிகளைச் சீவிச்சீவி அவற்றின் எடையைப் பெரிதும் குறைத்தார். பனிவெடிப்புகளில் விழாதிருக்கப் பலகைகள் வழமையிலும் நீளமாகச் செய்யப்பட்டிருந்தன.

இத்துணை முன்னேற்பாடும் தவறுக்கு இடமில்லாது செய்யவில்லை. துருவத்தை முந்தி அடையும் அவாவினால் 1911 செப்டெம்பர் 8ஆம் திகதி அமுன்சன் காலத்துக்கு முன்பே புறப்பட்டார். குளிர் −56 பாகை செல்சியசு வரை சென்றது. சிலரின் குதிகள் உறைந்தன. குழு திரும்ப நேர்ந்தது. மீட்சியின்போது பின்தங்கிய ஒருவரைக் காத்து அழைத்துவந்த ஜல்மார் யொஹான்சன், தலைவரின் நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் துருவக் குழுவினின்று நீக்கப்பட்டார். அச்செயலின் நியாயம் ஐயத்துக்குரியது. ஆயின் திரும்பி வந்ததனாற் பெற்ற பாடம் வீணாகவில்லை. மேலதிகக் காலுறைகளுக்கு இடம் வேண்டிச் சப்பாத்துகள் மீண்டும் பிரித்துத் தைக்கப்பட்டன. ஒக்டோபரிற் புறப்பட்ட ஐவர் டிசெம்பர் 14ஆம் திகதி துருவத்தை அடைந்து, 1912 ஜனவரி 25ஆம் திகதி உயிருடன் தளம் மீண்டனர்.

ஸ்கொட்டும் பலகைகளின் பயனை அறியாதவரல்லர். நான்சனின் தூண்டுதலால் திரிக்வே கிரான் என்னும் நோர்வே இளைஞரைப் பயிற்சியாளராக அவர் அழைத்துச் சென்றார். பயிற்சி பெற வாய்ப்பிருந்தும் குழுவினர் பலர் அதில் முழுமனத்துடன் ஈடுபடவில்லை. 1911 டிசெம்பரில் ஆழ்ந்த மென்பனியிற் சிக்கியபோது, பலகைகளே தக்க கருவி என்றும் தம் நாட்டார் தப்பெண்ணத்தால் ஆயத்தமாகாது வந்துவிட்டனர் என்றும் ஸ்கொட் தமது நாட்குறிப்பிலே வருந்தினார். டிசெம்பர் 31ஆம் திகதி துணைக்குழுவினர் தம் பலகைகளை வழியில் விட்டுச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். சில நாட்களில் அக்குழுவைச் சேர்ந்த பவர்ஸ் துருவக் குழுவில் ஐந்தாமவராகச் சேர்க்கப்பட்டார். நால்வர் பலகைகளிற் செல்ல, அவர் ஏறத்தாழ ஒரு மாதம் வெறுங்காலணிகளுடன் பனியில் நடந்தார். 1912 ஜனவரி 17ஆம் திகதி துருவத்தை அடைந்த ஐவரும் மீளும் வழியில் உயிர் நீத்தனர்.

அவ்வழிவுக்குப் பலகைப் பயிற்சியின்மையே காரணம் எனக் கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். உணவுக் குறைவு, கலன்களிலிருந்து கசிந்த எரிபொருள், மனித வலிமையால் வண்டி இழுத்தமை, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தின் வழமை மீறிய குளிர் என்பன யாவும் ஒன்றுசேர்ந்தன. குளிர் பலகையின் இயக்கத்தையே பாதித்தது. −40 பாகையை அண்மிக்கும் குளிரிற் பனித்துகள் மணலைப் போன்று உராயும். சறுக்கலின்போது உராய்வு வெப்பத்தால் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதே வழுக்கலுக்குக் காரணம் என 1939ஆம் ஆண்டு பௌடன், ஹியூஸ் என்னும் ஆய்வாளர் விளக்கினர். அவ்விளக்கம் பின்னர் விரிவாக்கம் பெற்றபோதிலும், கடுங்குளிரிற் பலகை ஓடாது என்ற அனுபவ உண்மை மாறவில்லை.

பனியின் தன்மைக்கேற்ப மெழுகைத் தெரிவு செய்யும் கலை 20ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்தப்பட்டது. பைன் மரத்தாரை ஊட்டிப் பலகையைக் காத்த பழைய வழக்கத்தைத் தொடர்ந்து, 1946 அளவில் சுவிக்ஸ் நிறுவனத்தார் வெப்பநிலைக்கேற்ற நிறக்குறியீட்டைப் புகுத்தினர். பச்சை கடுங்குளிருக்கு, நீலம் இடைநிலைக்கு, சிவப்பு உறைநிலையை அண்டிய பனிக்கு. மென்மெழுகை வன்மெழுகின்மேற் பூசலாம். மறுதலையாகப் பூசுதல் கடினம். ஆகவே வன்மெழுகை முதலிலே மெல்லிய படைகளாகப் பூசி, கால் வழுக்கின் மென்மெழுகைச் சேர்த்தல் முறையாகும். 1970களில் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் பலகைகள் பிடித்தன. ஓட்டத்தை மிகுவித்த புளோரின் சேர்ந்த மெழுகுகள், சுற்றாடலுக்கும் உடல்நலத்துக்கும் தீங்கானவை எனக் கண்டு, 2023–24 போட்டிப் பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் தடை செய்யப்பட்டன. பொருள்கள் மாறினும் பனியை முதலில் தொட்டறிக என்னும் விதி மாறவில்லை.

இவ்வறிவு தனிமனிதரின் உடைமையாக நின்றுவிடாமல் ஒரு சமூகத்தின் பொதுவுடைமையானமைக்கு நோர்வேயின் மலைப்பயண விதிகள் எடுத்துக்காட்டாகும். 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் அந்நாட்டு மலைகளில் 18 பேர் மாண்டனர். அதனை அடுத்து மலைப்பயணச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இவ்விதிகளை நாடெங்கும் பரப்பின. செல்லும் வழியைப் பிறருக்கு அறிவித்தல், வானிலைக்கேற்பத் திட்டத்தை மாற்றுதல், குறுகிய பயணத்திற்கும் குளிருடையும் உதவிப் பொருள்களும் கொண்டு செல்லல், நிலப்படமும் திசையறி கருவியும் பயன்படுத்தல் என்பன அவற்றுள் அடங்கும். காலத்தோடு திரும்புதல் இழுக்கன்று என்னும் விதி அவற்றுள் யாவரும் அறிந்தது. செப்டெம்பர் 1911இல் திரும்பிய குழு ஒக்டோபரில் மீண்டும் புறப்பட்டு வென்றமை அவ்விதியின் உண்மையை முன்னரே மெய்ப்பித்திருந்தது.

1912 நவம்பரில் ஸ்கொட்டின் கூடாரத்தைக் கண்டறிந்த தேடற் குழுவிலே கிரானும் இருந்தார். தாம் கற்பிக்க வந்த பலகைகளுள் தமக்குரியவற்றைச் சிலுவையாக்கி அவர் கல்லறைமேல் நாட்டினார். ஸ்கொட்டின் பலகைகளையேனும் பயணத்தை நிறைவு செய்விக்க எண்ணி, அவற்றை அணிந்து தளம் மீண்டார். அப்பலகைகள் மரத்தாலும் வேலைப்பாட்டாலும் குறையுடையனவல்ல. கருவி விலைக்குக் கிடைக்கும். அதனோடு வரவேண்டிய பழக்கம் விலைக்குக் கிடைப்பதில்லை. சாமி இடையரிடமும் இன்னுயிட் வேட்டுவரிடமும் மொர்கெடால் குடியானவரிடமும் அப்பழக்கம் இருந்தது. அவர்களை ஆசிரியராக ஏற்கும் பணிவு எவரிடம் இருந்ததோ, அவரிடமே கருவியும் முழுப்பயனைத் தந்தது என்பதே பனிவெளி வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.