பாப்கார்ன் நுரையீரல்

பாப்கார்ன் நுரையீரல் என்பது வெண்ணெய் மணம் தரும் சுவையூட்டிகளின் ஆவியைப் பணியிடத்தில் தொடர்ந்து சுவாசிப்பதால் ஏற்படும் கடுமையான நுரையீரல் நோயின் வழக்குப் பெயராகும். மருத்துவத்தில் இது அடைப்பு மூச்சுநுண்குழல் அழற்சி (பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டெரன்ஸ்) எனப்படும். 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், நுண்ணலை அடுப்பில் பொரிப்பதற்கான பாப்கார்ன் (சோளப்பொரி) தயாரிக்கும் ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. உண்பதற்குப் பாதுகாப்பானது என ஏற்கப்பட்ட ஒரு பொருள், சுவாசிக்கும்போது நுரையீரலை நிலையாகச் சிதைக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு குறித்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

நோயின் தன்மை

நுரையீரலினுள் செல்லும் மூச்சுக்குழல்கள் பலமுறை கிளைத்து, இறுதியில் மிகச் சிறிய மூச்சுநுண்குழல்களாகின்றன. நச்சு ஆவி இவற்றின் உட்படலத்தைச் சிதைக்கும்போது, புண் ஆறும் இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து குழலைக் குறுக்குகிறது. சில இடங்களில் முற்றிலும் அடைத்துவிடுகிறது. வறட்டு இருமல், உழைக்கும்போது மூச்சுத்திணறல், இழுப்பு ஆகியன அறிகுறிகளாகும். இவை பெரும்பாலும் மெல்ல மெல்லத் தோன்றுகின்றன.

இவ்வறிகுறிகள் ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி ஆகியவற்றின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் நோய் தவறாக இனங்காணப்படுவதுண்டு. ஆஸ்துமாவில் குழலை விரிக்கும் மருந்து கொடுத்தால் மூச்சோட்டம் பொதுவாக மேம்படும். இந்நோயில் அத்தகைய மேம்பாடு ஏற்படுவதில்லை. தழும்பு நிலையானது என்பதால் இழந்த நுரையீரல் திறனை மருந்தால் மீட்க இயலாது. மிகக் கடுமையான நிலையில் நுரையீரல் மாற்று அறுவை தேவைப்படலாம்.

டைஅசிட்டைல்

டைஅசிட்டைல் என்பது மஞ்சள் நிறமுடைய, எளிதில் ஆவியாகும் நீர்மமாகும். இதன் கொதிநிலை ஏறத்தாழ 88 பாகை செல்சியஸ். வெண்ணெயில் இது இயற்கையாகவே சிறிதளவு உள்ளது. வெண்ணெயின் மணத்திற்கு இது முக்கியக் காரணமாகும். பியர் நொதிக்கும்போதும் காப்பிக்கொட்டை வறுபடும்போதும் இது உருவாகிறது. செயற்கை வெண்ணெய்ச் சுவையூட்டிகளில் இது செறிவாகச் சேர்க்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இதனைப் பொதுவாகப் பாதுகாப்பானவை என ஏற்கப்பட்ட உணவுப் பொருட்களின் வகையில் சேர்த்திருந்தது. ஆனால் அவ்வகைப்பாடு உண்பதை மட்டுமே கருத்திற்கொண்டது. சூடாக்கப்பட்ட கலனிலிருந்து எழும் ஆவியை நாள்தோறும் பல மணிநேரம் சுவாசிப்பதற்கு அது பொருந்தாது.

நோய் வெளிப்பட்ட விதம்

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மருத்துவர் ஒருவர், ஒரே பாப்கார்ன் ஆலையில் முன்னர் பணியாற்றிய எட்டுப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மிசூரி மாநில உடல்நலத் துறைக்கு அறிவித்தார். அவர்களுள் நால்வர் சுவையூட்டி கலக்கும் பணியிலும், நால்வர் பொதியிடும் பகுதியிலும் இருந்தவர்கள். நால்வரின் நிலை நுரையீரல் மாற்றுக்கான காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குக் கடுமையாக இருந்தது.

மாநிலத் துறை, தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனத்தின் (நியோஷ்) உதவியைக் கோரியது. 1970-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நலச் சட்டத்தின்படி இந்நிறுவனம் பணியிட நலக்கேடு மதிப்பீடுகளை மேற்கொள்கிறது. தொழிலாளர்களோ, அவர்தம் சங்கமோ, நிருவாகமோ இத்தகைய மதிப்பீட்டைக் கோரலாம். கோரும் தொழிலாளி விரும்பினால் அவரது பெயர் வெளியிடப்படுவதில்லை.

ஆய்வு முறை

ஆலையில் சோயா எண்ணெய், உப்பு, சுவையூட்டி, நிறமி ஆகியவை சூடான பெரிய கலன்களில் கலக்கப்பட்டன. கலப்பவர்கள் திறந்த கொள்கலன்களில் சுவையூட்டியை அளந்து, கையால் கலனுக்குள் ஊற்றினர். கலவை பின்னர் பொதியிடும் வரிசைகளுக்குச் சென்றது.

நியோஷ் குழு 2000 நவம்பரில் அங்கு பணியிலிருந்த 135 பேரில் 117 பேரைச் சோதித்தது. ஆய்வில் மூன்று கூறுகள் இருந்தன.

1. வினாக்கொத்து: அறிகுறிகள், புகைப்பழக்கம், ஆலையின் எந்தப் பகுதியில் எவ்வளவு காலம் பணி என்பன கேட்டறியப்பட்டன.
2. மூச்சுத்திறன் சோதனை (ஸ்பைரோமெட்ரி): ஒருவர் முழு விசையுடன் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவும், மொத்தமாக வெளியேறும் அளவும் ஒப்பிடப்பட்டன. குழல் குறுகியிருந்தால் முதல் நொடியின் பங்கு குறையும்.
3. காற்று மாதிரி: ஆலையின் பல பகுதிகளில் தூசியும் ஆவியும் அளக்கப்பட்டன. காற்றில் 100-க்கும் மேற்பட்ட ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் காணப்பட்டன.

இத்தனை சேர்மங்களையும் தனித்தனியே நோயுடன் தொடர்புபடுத்துவது கடினம். ஆகவே சுவையூட்டி ஆவியின் அடையாளமாக, காற்றில் மிகுந்திருந்த கீட்டோனாகிய டைஅசிட்டைல் தெரிவு செய்யப்பட்டது. ஒவ்வொருவரும் பணியாற்றிய இடத்தின் செறிவையும் காலத்தையும் பெருக்கி, அவரது திரண்ட வெளிப்பாடு கணக்கிடப்பட்டது.

முடிவுகள்

ஆய்வின் முடிவுகள் 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. மூச்சோட்ட அடைப்பு, நாட்டின் பொது மக்கள்தொகையை வைத்து எதிர்பார்க்கப்பட்டதைப் போல 3.3 மடங்காக இருந்தது. ஒருபோதும் புகைபிடிக்காதவர்களிடையே இது 10.8 மடங்காக இருந்தது. ஆகவே புகைப்பழக்கம் இதற்குக் காரணமாக இருக்க இயலாது. திரண்ட வெளிப்பாடு கூடக்கூட அடைப்பும் கூடியது.

தரக்கட்டுப்பாட்டு அறையிலும் பாதிப்பு காணப்பட்டது. அங்கிருந்தவர்கள் சோதனைக்காக ஒரு பணிமுறையில் ஏறத்தாழ 100 பொதிகளை நுண்ணலை அடுப்பில் பொரித்துத் திறந்தனர். அப்பணியிலிருந்த அறுவரில் ஐவருக்கு மூச்சோட்ட அடைப்பு இருந்தது.

வெண்ணெய்ச் சுவையூட்டியின் ஆவியைச் சுவாசித்த எலிகளின் மூச்சுவழி உட்படலம் சிதைந்ததை நியோஷின் விலங்கு ஆய்வும் 2002-இல் காட்டியது. டைஅசிட்டைலையே உற்பத்தி செய்த நெதர்லாந்து வேதி ஆலையொன்றின் தொழிலாளர்களிடமும் இந்நோய் இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

முந்தைய நிகழ்வு

இந்நோய்க்கான அறிகுறி அதற்கு முன்பே ஒருமுறை தென்பட்டிருந்தது. 1985-இல் இந்தியானா மாநிலத்தில், அடுமனைகளுக்கான சுவைக் கலவை தயாரித்த ஆலையில் புகைப்பழக்கமற்ற இளம் தொழிலாளர் இருவருக்கு நிலையான மூச்சோட்ட அடைப்பு ஏற்பட்டதை நியோஷ் ஆராய்ந்தது. அங்கு பயன்பட்ட பொருட்களில் டைஅசிட்டைலும் ஒன்று. எனினும் குறிப்பிட்ட காரணி எதுவும் அப்போது உறுதிசெய்யப்படவில்லை.

பணியிட ஆய்வுகளில் உள்ள பொதுவான இடர்ப்பாடு ஒன்றையும் மிசூரி நிகழ்வு விளக்குகிறது. அங்கு முதலில் அறியப்பட்ட எட்டுப் பேரும் முன்னாள் தொழிலாளர்கள். கடும் நோயுற்றவர்கள் வேலையை விட்டு நீங்கிவிடுவதால், பணியில் உள்ளவர்களை மட்டும் சோதிக்கும் ஆய்வு நோயின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

தடுப்பு முறைகள்

ஆவியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் காற்றோட்ட அமைப்பு, கலக்கும் அறையைப் பிற பகுதிகளிலிருந்து பிரித்தல், சுவையூட்டியை மூடிய குழாய் வழியே செலுத்துதல், கலனின் வெப்பநிலையைக் குறைத்தல் ஆகியன பரிந்துரைக்கப்பட்டன. இவை நிறைவேறும் வரை மூச்சுக் காப்புக்கவசம் பயன்படுத்தப்படும். சாதாரணத் தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை ஈர்க்கும் வடிப்பான் தேவை. தொழிலாளர்களுக்கு மூச்சுத்திறன் சோதனையைக் குறித்த கால இடைவெளியில் நடத்துவது, தழும்பு பெருகுமுன் பாதிப்பை அறிய உதவும்.

2003-இன் இறுதியில் நியோஷ், சுவையூட்டிகளைக் கையாளும் பணியிடங்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2010-இல் கலிபோர்னியா மாநிலம் டைஅசிட்டைலுக்கெனத் தனி விதிமுறையைக் கொண்டுவந்தது. 2016-இல் நியோஷ் எட்டு மணிநேரச் சராசரியாக நூறு கோடியில் 5 பங்கு என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. இது பரிந்துரையே அன்றிச் சட்ட வரம்பு அன்று.

மாற்றுப் பொருட்களும் பிற தொழில்களும்

நோய் குறித்த செய்திகள் பரவியபின் பெரிய பாப்கார்ன் நிறுவனங்கள் டைஅசிட்டைலைக் கைவிட்டன. அதற்கு மாற்றாகச் சில சுவையூட்டிகளில் 2,3-பென்டேன்டையோன் சேர்க்கப்பட்டது. அமைப்பில் டைஅசிட்டைலை ஒத்த இச்சேர்மமும் எலிகளின் மூச்சுவழியைச் சிதைப்பது பின்னர் அறியப்பட்டது. ஆகவே 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இதற்கும் வரம்பு குறிக்கப்பட்டது.

2013-இல் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காப்பி பதப்படுத்தும் ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர்களிடமும் இந்நோய் இருப்பது பதிவுசெய்யப்பட்டது. வறுத்த காப்பியிலிருந்து டைஅசிட்டைல் இயற்கையாகவே வெளியேறுவதால், சுவையூட்டி சேர்க்காத ஆலைகளிலும் காற்றை அளந்து பார்ப்பது தேவையாகிறது.