செந்நிறக்கீழ்: ஒரு கதிருக்குப் பெயர் வந்த வழி

இரத்தினபுரி மாவட்டத் தோட்டப்புறப் பாடசாலைகளில் தமிழில் விஞ்ஞானம் படிப்பவருக்கு அது ‘செந்நிறக்கீழ்க் கதிர்’. தமிழ்நாட்டில் ‘அகச்சிவப்புக் கதிர்’. ‘இன்ஃப்ரா’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கீழே என்று பொருள். இலங்கைச் சொல் அதை நேராக ஏற்றது. தமிழ்நாட்டுச் சொல், புற ஊதாவுக்கு இணையாக, நமக்குப் பழகிய அகம் புறம் என்ற பாகுபாட்டில் நின்றது. காதுக்கு இனிமைதான், ஆனால் இக்கதிர் சிவப்புக்குள் இல்லை.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் அரியத்தில் பிரிந்த வெயிலில் வெப்பமானி வைத்தார். சிவப்பைத் தாண்டி, நிறமேதும் தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒளி படாத இடத்திலும் வெப்பமானிகளை வைத்திருந்தார். அவருக்கு இவை கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர்கள். பின்வந்த டிண்டால் போன்றோர் ‘சிவப்புக்கு அப்பால்’ என்ற பொருளில் ‘அல்ட்ரா ரெட்’ என்றனர். அதிர்வெண் சிவப்பினும் குறைவு என்பதற்கு இசைவான ‘கீழ்’ என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வேரூன்றியது.

1880ஐ ஒட்டி லாங்லி இக்கதிரை அளக்கவென ஒரு கருவி செய்து ‘போலோமீட்டர்’ என்றார். ‘போலே’ என்ற கிரேக்கச் சொல் எறிதலையும் எறிகதிரையும் குறிக்கும். ஒரு மெல்லிய உலோகப் பட்டி கதிரில், மற்றொன்று மறைவில். இரண்டின் மின்தடை வேறுபாடே அளவு.

இன்றைய வெப்பப்படக் கமராக்கள் பலவற்றில் இருப்பது நுண்போலோமீட்டர். 640க்கு 480 என்றால் 3,07,200 உணரிகள். ஒன்றைப்போல் ஒன்று அமையாததால், ஒரே சூடுள்ள சுவரும் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அதனால் கமராவுக்குள் ஒரு மூடி விழுகிறது. சீரான சூடுள்ள அதைப் பார்த்து, ஒவ்வோர் உணரியும் காட்டும் விலகலைக் குறித்துக் கமரா பின்வரும் படங்களில் கழிக்கிறது. உணர்திறன் வேறுபாட்டைத் திருத்த, இரு வேறு வெப்பநிலையிலுள்ள கரும்பொருள்களைத் தொழிற்சாலையிலேயே காட்டிவிடுவார்கள். ஆனால் எம்பிலிப்பிட்டிய வெயிலில் கமராவின் உடலே சூடேறும், விலகல் மாறும், ‘டக்’கென்று மூடி மறுபடி விழும், படம் கணநேரம் உறையும்.

இந்தத் திருத்தத்தை, ‘நான்-யூனிஃபார்மிட்டி கரெக்ஷன்’ என்பதைத் தொழில்நுட்பர்கள் ‘என்.யு.சி.’ என்று சுருக்கிவிடுகிறார்கள். ‘படத் திருத்தம்’ என்றால் பிழை காட்சியில் இருப்பதாகிவிடும். பிழை பார்க்கும் உணரிகளில்தான் உள்ளது. ஆகவே ‘உணரிச் சீரின்மைத் திருத்தம்’ என்பதே பொருந்தும். பாடநூல் எழுதுவோர் நீளம் கருதி இதன் முதற்சொல்லை வெட்டிவிட வேண்டாம்.