கரடுமுரடான பாதைக்கு எந்த டயர்? பிக்கப் வாகன உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

குப்பம்: ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில் அமைந்துள்ளது சித்தூர் மாவட்டத்தின் குப்பம். தக்காளியும் மல்பெரியும் விளையும் செம்மண் நிலங்களும், கிரானைட் குவாரிகளும் இவ்வட்டாரத்தில் உள்ளன. இங்கு ஓடும் ஒரு பிக்கப் வாகனம் காலையில் வயல் சேற்றையும், பகலில் குவாரியின் கூரிய கற்களையும், மாலையில் கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 42-ஐயும் கடக்க நேரிடும்.

இத்தகைய பயன்பாட்டுக்காக, முரட்டுத் தோற்றமுடைய பெரிய டயர்களையும் அகன்ற சக்கரங்களையும் பொருத்துவோர் உண்டு. ஆனால் தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிய டயர், பாரம் தாங்காமல் வெடிக்கலாம். மழையில் நனைந்த தார்ச்சாலையில் வழுக்கலாம். முதலில் சுமை, அடுத்து பாதை, பிறகு அளவு, கடைசியில் தோற்றம் என்ற வரிசையில் தேர்வு அமைவதே பாதுகாப்பானது.

பிக்கப் வாகனத்துக்கும் டயருக்கும் இப்பகுதியுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. தற்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீசிட்டியில், 2016 ஏப்ரலில் இசுசு நிறுவனம் பிக்கப் வாகன உற்பத்தியைத் தொடங்கியது. அதே மாவட்டத்தின் சின்னபாண்டூரில் உள்ள அப்பல்லோ டயர்ஸ் ஆலை 2020 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது.

சுமைக் குறியீடு சொல்வது என்ன?

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து அச்சிடப்பட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடையைக் குறிக்கும். 104 என்றால் 900 கிலோ. 109 என்றால் 1,030 கிலோ. 121 என்றால் 1,450 கிலோ. எண்ணைத் தொடர்ந்து வரும் எழுத்து வேக வரம்பைக் காட்டும். 'கியூ' என்பது மணிக்கு 160 கிமீ, 'எஸ்' என்பது 180 கிமீ.

எடுத்துக்காட்டாக, பின் அச்சில் 1,800 கிலோ எடை இறங்கும் வாகனத்துக்கு, பின்புற டயர் ஒவ்வொன்றும் குறைந்தது 900 கிலோ தாங்க வேண்டும். அதாவது 104-க்குக் குறைந்த குறியீடுடைய டயர், பட்டன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவ்வாகனத்துக்கு ஏற்றதன்று. உற்பத்தியாளர் பரிந்துரைத்த குறியீட்டைவிடக் குறைந்ததை எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது.

'எல்டி' என்று குறிக்கப்பட்ட டயர்கள் இலகு ரகச் சரக்கு வாகனங்களுக்கானவை. அவற்றின் உள்ளமைப்பு வலுவானது. முழுச் சுமையைத் தாங்க அதிகக் காற்றழுத்தம் தேவைப்படும். கார், எஸ்யூவி வகை டயர்கள் பயணத்துக்கு மென்மையானவை என்றாலும், தினமும் பாரம் ஏற்றும் வாகனத்துக்கு உரியவை அல்ல.

மூன்று வகை டயர்கள்

சந்தையில் கிடைக்கும் டயர்கள் பொதுவாக மூன்று வகைப்படும். எச்டி எனப்படும் நெடுஞ்சாலை டயர்களில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். ஓசை குறைவு, தேய்மானம் குறைவு, தார்ச்சாலையில் பிடிமானம் அதிகம். சேற்றில் இவற்றின் இடுக்குகள் விரைவில் அடைபட்டுவிடும்.

எம்டி எனப்படும் சேற்று நில டயர்களில் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அதிகம். சக்கரம் சுழலும்போது சேறு தானாக வெளியேறும். ஆனால் இவை கனமானவை, இரைச்சல் மிக்கவை; தார்ச்சாலையில் விரைவில் தேய்பவை. எரிபொருள் செலவும் கூடும். நனைந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும் என்பதே இவற்றின் முக்கியக் குறை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஏடி எனப்படும் அனைத்து நில டயர். செம்மண் பாதை, சரளைக் கல், நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் கலந்த பயணத்துக்கு இதுவே பெரும்பாலும் பொருந்தும். ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையிலேயே என்றால் நெடுஞ்சாலை டயர் போதுமானது. ஆண்டின் பெரும்பகுதி சேற்றில் உழலும் வாகனத்துக்கு மட்டுமே எம்டி டயரின் கூடுதல் செலவு நியாயமாகும். குவாரிப் பாதையில் செல்வோர், பட்டனைக் காட்டிலும் பக்கச்சுவரின் உறுதியையே முதலில் கவனிக்க வேண்டும். கூரிய கல் பெரும்பாலும் கிழிப்பது பக்கச்சுவரைத்தான். அங்கு ஏற்படும் கிழிசலைச் சாதாரண பஞ்சர் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய இயலாது.

அளவும் உயரமும்

இசுசு வி-கிராஸ் வகைகளில் பொருத்தப்பட்டு வந்த 255/60 ஆர் 18 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம். அதாவது 153 மிமீ. 18 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். மொத்த விட்டம் சுமார் 763 மிமீ.

இதற்குப் பதிலாக 17 அங்குலச் சக்கரத்தில் 255/65 ஆர் 17 பொருத்தினாலும் மொத்த விட்டம் அதே 763 மிமீதான். ஆனால் பக்கச்சுவர் 166 மிமீ ஆக உயர்கிறது. கல்லில் மோதும்போது அதிர்ச்சியை உள்வாங்கவும், சக்கரத்தைக் காக்கவும் இந்தக் கூடுதல் உயரம் உதவும். கரடுமுரடான பாதையில் பெரிய சக்கரத்தைவிட உயரமான டயரே பயன் தரும் என்பதற்கு இது சான்று. சிறிய சக்கரம் பிரேக் பாகங்களில் உரசாமல் பொருந்துகிறதா என்பதை முன்கூட்டியே சோதிப்பது அவசியம்.

265/70 ஆர் 17 போன்ற பெரிய அளவுக்கு மாறினால் விட்டம் சுமார் 803 மிமீ ஆகும். தரைக்கும் அச்சுக்கும் இடையே 20 மிமீ கூடுதல் இடைவெளி கிடைக்கும். அதேநேரம் வேகமானி 80 காட்டும்போது வாகனம் உண்மையில் 84 கிமீ வேகத்தில் செல்லும். இழுவைத் திறன் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம்.

இரும்பா, அலாயா?

இரும்புச் சக்கரம் கல்லில் மோதினால் பெரும்பாலும் வளையும். சிறிய வளைவைப் பட்டறையில் நிமிர்த்த முடியும். விலையும் குறைவு. அலாய் சக்கரம் பொதுவாக இலகுவானது, பிரேக் வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். ஆனால் பலமான அடியில் விரிசல் விடக்கூடும். பாரம் ஏற்றும் பணிக்கு இரும்பே சிக்கனமான தேர்வு.

வெளிச்சந்தையில் சக்கரம் வாங்குவோர், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, துளை வட்டத்தின் விட்டம், நடுத்துளை, எடை தாங்கும் திறன் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். சக்கரம் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேரிங்குகள் மீது அழுத்தம் கூடும். கற்களும் சேறும் பக்கவாட்டில் தெறிக்கும். நான்கு சக்கர இயக்க வாகனங்களில் நான்கு டயர்களும் ஒரே அளவில் இருப்பது கட்டாயம். ஸ்டெப்னியும் அதே அளவில் இருப்பது நல்லது.

காற்றழுத்தம்

வாகனத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணைப்படி, டயர் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். சுமையுடனும் சுமையின்றியும் செல்வதற்கான அளவுகள் வேறுபடும். சேறு, மணலில் சிக்கும் வெற்று வாகனத்தில் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பிடிமானம் கூடும். ஆனால் நெடுஞ்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். பாரத்துடன் காற்றுக் குறைந்த டயரில் வேகமாகச் சென்றால், அது சூடேறி வெடிக்கும் அபாயம் உள்ளது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளரின் அசல் விவரக் குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீட்டிலும் சிக்கல் எழலாம். எனவே அதே வாகனத்தின் பிற வகைகளுக்கு உற்பத்தியாளர் வழங்கும் அளவுகளுக்குள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகு மாறுவதே உகந்தது.

வாங்கும்போது கவனிக்க

டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்த டயரைப் பயன்படுத்த விதிகள் அனுமதிப்பதில்லை. சேற்றுப் பாதையில் செல்வோர் அதற்கு வெகு முன்பே மாற்றிவிடுவது நல்லது. புதிய டயர் பொருத்தியதும் அலைன்மெண்ட், பேலன்சிங் செய்வதும், 50 முதல் 100 கிமீ ஓடிய பின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிச் சரிபார்ப்பதும் அவசியம்.