மூங்கிற் புதர் கற்பித்த பாடம்

காட்டைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சட்டத்தை யாருடைய அறிவைத் துணைக்கொண்டு இயற்றுவது? இந்தியச் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தம் வாழ்நாட் பணியால் இவ்வினாவுக்கு விடை கண்டார்.

அவர் 1942ஆம் ஆண்டு புனே நகரில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற பொருளியல் அறிஞர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1969இல் முனைவர் பட்டம் பெற்ற காட்கில், தாயகம் திரும்பினார். 1973 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார்.

எழுபதுகளில் கருநாடக மாநிலத்துக் கூடை முடைவோர், காகித ஆலைகளால் மூங்கில் அருகி வருகிறதென முறையிட்டனர். உண்மையைக் கண்டறியும் பொறுப்பு காட்கிலிடம் வந்தது. மூங்கிற் புதரின் அடியில் மண்டியிருக்கும் முட்களை அகற்றினால் மூங்கில் செழிக்கும் என்பது காட்டை ஆண்டோரின் எண்ணம். ஊர் மக்களோ, "முள்தான் இளங்குருத்துக்கு வேலி, அதனை நீக்கினால் கால்நடைகள் மேய்ந்துவிடும்" என்றனர். களத்தில் ஆராய்ந்தபோது மக்கள் கூற்றே மெய்யாயிற்று. ஏட்டறிவு பிழைத்தது, பட்டறிவு வென்றது.

இப்பாடத்தைக் காட்கில் மறந்தாரில்லை. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரந்த அக்காப்பகத்தைத் திட்டமிட்டதில் அவர் பங்கு பெரிது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தை வரைவதிலும் பங்குகொண்டார். ஊர்தோறும் மக்களே தம் செடி கொடிகளையும் உயிரினங்களையும் பதிந்து வைக்கும் ஏடு அவர் வளர்த்த கருத்தேயாகும்.

2010இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராயும் வல்லுநர் குழுவுக்கு அவர் தலைவரானார். மலைத்தொடர் முழுவதையும் மூன்று தரங்களாகப் பிரித்துக் காக்க வேண்டும்; இறுதி முடிவில் கிராம சபைகளுக்கு இடம் வேண்டும் என 2011இல் குழு பரிந்துரைத்தது. எதிர்ப்பு மூண்டது. எந்த மக்களின் குரலுக்கு அவர் இடம் கேட்டாரோ, அம்மக்களில் பலரே வாழ்வாதாரம் பறிபோகுமென அஞ்சினர். பின்னர் அமைந்த மற்றொரு குழு, ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பகுதிக்கே காப்பு போதுமென்றது.

2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூர்கள் அமைந்த வைத்திரி வட்டம், காட்கில் குழு முதல் தரக் காப்புக்குரியதெனக் குறித்த பகுதியாகும். அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு, அவருடைய வாழ்நாட் பணிக்கு விருதளித்தது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு வாழ்வை வகுத்த மரபு நம்முடையது. ஐந்திணையைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் குறிஞ்சியைப் பாட்டோடு நிறுத்திவிடலாகாது. அந்நிலத்தில் வாழ்வோரிடம் கேட்டறிதலும் கல்வியே. முள்ளின் பயனை அறிந்தவர் கூடை முடைவோரே. அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்த்ததே காட்கிலின் பெருமை.