மரவள்ளி தின்ற காலம்



பள்ளியின் பின்புறம் மாணவர்களோடு கீரைப் பாத்தி அமைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, கீரைதான் கடையில் விற்கிறதே, நாம் ஏன் நட வேண்டும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

போருக்கு முன் மலாயா, தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. நிலமெல்லாம் ரப்பர், சோறோ வெளியிலிருந்து வந்தது! 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் ஜோகூர் கடற்பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினர். அதன்பின் அரிசி வரத்துக் குன்றியது. ரப்பரை வாங்குவாரும் இல்லை. பங்கீட்டு அரிசி சுருங்கச் சுருங்க, வீட்டு முற்றங்களிலும் பள்ளித் திடல்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வளர்ந்தன. ஜப்பானிய நிர்வாகமே அதனை வற்புறுத்தியது.

நகரத்தாரைக் காட்டுக்கு அனுப்பியதும் உண்டு. 1943இல் நமது ஜோகூரின் எண்டாவில் சிங்கப்பூர்ச் சீனர்களுக்கென ஒரு விவசாயக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. நெகிரி செம்பிலானின் பகாவில் யுரேசியருக்கும் கத்தோலிக்கச் சீனருக்கும் மற்றொன்று. மண்வெட்டி பிடித்தறியாதவர்கள் காடு திருத்தினர். பகாவில் மலேரியா பலரைக் கொண்டுபோயிற்று. அவர்களோடு சென்ற மலாக்கா ஆயர் டெவால்ஸும் 1945இல் உயிரிழந்தார்.

நம்மவர்க்கு மண்வெட்டி புதிதன்று. லயத்து வீட்டின் பின்னால் முருங்கையும் கத்தரியும், கொட்டகையில் பசுவும் ஆடும் போருக்கு முன்பே இருந்தன. ஆயினும் 1943இல் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆண்களைக் கொண்டுபோனபோது, பாத்தியும் மாடும் பெண்கள் தலையில் விழுந்தன. குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த என் பாட்டியும் அவர்களுள் ஒருவர். தாத்தா திரும்பவில்லை. மரவள்ளியே உணவானதால் பிள்ளைகளுக்குக் கால் வீங்கியதாம். வெறும் மாவுச்சத்தில் புரதமும் பி1 உயிர்ச்சத்தும் போதாமையே காரணம் என்பது பாட்டிக்குத் தெரியாது. பசுவின் பாலில் பாதியை விற்காமல் என் தந்தைக்குக் கொடுத்தார்; அவர் பிழைத்தார்.

1974இல் துன் அப்துல் ரசாக் பசுமை நூல் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகே காய்கறி பயிரிடுங்கள், கோழி வளருங்கள் என்று மக்களை அழைத்தார். பாட்டி சிரித்தாராம்: "இதற்கொரு திட்டமா?"

பிற்பாடு தோட்டம் வீடமைப்புப் பகுதியாயிற்று. ஜோகூர் பாருவில் எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடி. மாட்டை விற்ற அன்று பாட்டி உண்ணவில்லை. மறுவாரமே மாடத்தில் ஒரு பழைய சாயவாளி. அதில் முருங்கைக் கொம்பு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அக்காலத்தில் எதை உண்டார்கள்? கேட்டு எழுதுங்களேன்.